கச்சான் மிகுதியாகக் காணப்பட்டமையால்

எங்கள் அரசாங்கக் கந்தோர்க் கதவுக்கு முன்னால் மூன்று பேர் நிற்கிறோம். கதவு பூட்டியிருக்கிறது. மழை நேராகப் பெய்யாமல் சரிந்து அடிக்கிறது. என் முதுகில் யூரியாப் பை, இடுப்பில் சாரன், வாய்க்குள் வயல் சேறு. பக்கத்தில் எங்கள் பியோன் வேலாயுதம், நெற்றியில் இரத்தம் வழிய, இடுப்புக் கயிற்றில் சாவியைத் தடவிக்கொண்டிருக்கிறார். எங்களுக்குப் பின்னால் பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே, ஒரு துளி நனையாமல், தலைமை இலிகிதர்.

"என்ன நேரம் இப்ப?" என்று கேட்டார்.

பதினொரு மணி இருக்கும். அவருடைய கையில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமலே கேட்டார்.

வேலாயுதம் பூட்டைத் திறந்தார். உள்ளே மேசையில் வரவுப் பதிவேடு விரித்தபடி கிடந்தது. அதில் நான் கண்டதைச் சொல்வதற்கு முன், நாங்கள் ஏன் அந்தக் கோலத்தில் நின்றோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் போன கிழமை எழுதியதற்குச் சொன்னது போல, "நடுவிலேருந்து தொடங்குறீங்க" என்று என் மனைவியே குறை சொல்வாள்.

மாப்பிள்ளை போன தூரம்

நான் பிறந்த வீடு கல்முனைக்குடியில். அங்கிருந்து கந்தோருக்கு நடந்தே போகலாம். வழியில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனாலும் நேரம் மிஞ்சும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். என் பெட்டி நிந்தவூருக்குப் போனது. ஐந்து மைல். அரசாங்க வேலை கிடைத்த அடுத்த மாதமே கல்யாணம் நடந்ததால், வேலையும் சைக்கிள் மிதியும் எனக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

வீட்டோடு மாப்பிள்ளை என்பது வேறு ஊர்களில் வசவாம். எங்கள் ஊரில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடுதான். வேலையில்லாத வீட்டோடு மாப்பிள்ளை என்பதுதான் இங்கே வசவு. என் மாமா அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. "வேல நிரந்தரமாகிட்டா மகன்?" என்று வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் போகிற வழியில் கேட்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியைத் தவிர்க்க நான் வேறு பள்ளிவாசலுக்குப் போன வெள்ளிக்கிழமைகளும் உண்டு.

நிரந்தரமாக மூன்று வருடம் ஆகும். அதுவரை தகுதிகாண் காலம். அந்த மூன்று வருடத்தில் சுயவிவரக் கோவையில் கறை படக் கூடாது. எங்கள் கந்தோரில் அந்தக் கறையின் நிறம் சிவப்பு.

சிவப்பு மை

அரசாங்கத்தில் வேலை செய்தவர்களுக்குச் சிவப்புக் கோட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் வந்தவுடன் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். ஒன்பது மணிக்குத் தலைமை இலிகிதர் கடைசி ஒப்பத்துக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். பிந்தி வந்தவர் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட வேண்டும். மற்றக் கந்தோர்களில் கீழே விழுந்தவனுக்கு லீவு குறையும். எங்கள் கந்தோரில் விளக்கக் கடிதமும் எழுத வேண்டும்.

எங்கள் தலைமை இலிகிதருக்கு நாங்கள் வைத்த பெயர் கோடடிச்சான். திணைக்களத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அது இன்னும் இருக்கிறது. கோடடிச்சானுடைய வீடு கந்தோருக்கு நேரெதிரே, றோட்டுக்கு அந்தப் பக்கம். அவர் கந்தோருக்குப் பயணம் செய்வது பதினைந்து எட்டு. எண்ணியிருக்கிறேன்.

பதினைந்து எட்டு நடந்து வருகிறவருக்கு, ஐந்து மைல் வருகிறவன் எப்போதும் சோம்பேறியாகவே தெரிவான்.

"மழை, சேர்" என்று ஒருநாள் சொன்னேன். கந்தோரில் எங்களிலும் பெரியவரைச் சேர் என்போம்.

"தம்பி, கோட்டுக்கு மழையத் தெரியாது" என்றார். இதைச் சொல்வதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முகத்தில் ஒரு திருப்தி.

கந்தோருக்கு ஒரே சாவிதான். அது வேலாயுதத்திடம் இருந்தது. கதவைத் திறப்பதும் பூட்டுவதும் கூட்டுவதும் தண்ணீர் வைப்பதும் அவர்தான். அவரும் என்னைப் போல தெற்கிலிருந்து வருகிறவர். நிந்தவூருக்கு அப்பால் அட்டப்பள்ளம், கடல்காரக் குடும்பம். காலையில் எங்கள் சந்தியில் வந்து மணியடிப்பார், இரண்டு பேரும் சேர்ந்து மிதிப்போம். என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். றோட்டில் என்னைத் தம்பி என்பார். கந்தோர் கேற்றைத் தாண்டியதும் சேர் என்பார். நான் எத்தனையோ தடவை வேண்டாம் என்றேன்.

"உள்ளுக்குச் சேர்தான். றோட்டுல தம்பி. இதக் குழப்பப்படாது" என்பார்.

யூரியா அங்கி

மாரி காலத்தில் எங்கள் கரையோரத்துச் சைக்கிள்காரனைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். உரப்பையின் உள்பக்கத்துப் பொலித்தீனில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டிருப்பான். இடுப்பில் சாரன். கந்தோருக்குப் போடும் களிசானும் சேட்டும் இன்னொரு பொலித்தீனில் சுற்றிப் பின்சில்லுக்கு மேலே கரியலில் கட்டியிருக்கும். முதுகில் பெரிய எழுத்தில் யூரியா. மூன்று வருடம் நான் அரசாங்கத்துக்குச் செய்த சேவையை அந்த ஒரு சொல்தான் ஊருக்கு அறிவித்தது.

கந்தோருக்கு வந்து கோவை அலுமாரிக்குப் பின்னால் நின்று களிசான் மாற்றுவேன். சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது காணிப் பத்திரம் கேட்டு அலுமாரிப் பக்கம் வருவார்கள்.

வடக்கு நோக்கிப் போகிறவனுக்கு மாரியில் வாடைக் காற்று முகத்தில் அடிக்கும். போகும்போது எதிர், வரும்போது சாதகம். வீட்டுக்குத் திரும்பும்போது மிதிக்கவே தேவையில்லை. வேலைக்குப் போகாதே என்று அந்தக் காற்று தினமும் சொன்னது. நான் கேட்கவில்லை.

என் முதல் விளக்கக் கடிதத்தில் "காற்றுக் காரணமாகத் தாமதம்" என்று எழுதினேன். கோடடிச்சான் திருப்பித் தந்துவிட்டார்.

"காத்து எண்டு மட்டும் எழுதினா எப்பிடித் தம்பி? எந்தக் காத்து? அதுக்குப் பேர் இல்லையா? விவரமா எழுதப் பழகுங்க."

பழகினேன். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு பார்ப்பீர்கள்.

கூரை போன கந்தோர்

எங்கள் பக்கத்தில் எல்லாக் கதைக்கும் சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி என்று ஒரு கணக்கு உண்டு. தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் படுத்துவிட்ட அந்தச் சூறாவளி. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிந்தி. அந்தக் கிழமை கந்தோரில் நடந்ததை வேலாயுதம்தான் சொன்னார்.

கந்தோரின் கூரை முழுதாகப் போய்விட்டது. கோவைகள் எல்லாம் தண்ணீரில். வெளியே நிவாரண அரிசிக்குப் பெயர் பதிய ஊரே வரிசையில் நின்றது. கோடடிச்சான் வந்து முதலில் தேடியது பதிவேட்டை. அதைத் தன் வீட்டு முற்றத்துக் கொடியில் போட்டு, ஒவ்வொரு தாளாக விரித்துக் காயவைத்தாராம். காயும்வரை ஒருவரும் ஒப்பமிட முடியாது. ஒப்பமிடாதவன் வேலை செய்ய முடியாது. அரிசிப் பதிவு பின்னேரம்தான் தொடங்கியது.

"வரிசையில எங்கட பொஞ்சாதியும் நிண்டவ" என்றார் வேலாயுதம். நான் சிரிக்கத் தொடங்கியிருந்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கச்சான் எடுத்த நாள்

என் மூன்றாம் வருடத்தின் கடைசி மாரி. நிரந்தரமாக இன்னும் ஆறு கிழமை. கோட்டுக்குக் கீழே ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்துவிட்டேன். "இன்னொரு தடவை எண்டா அம்பாறைக்கு எழுதிருவன், தம்பி" என்று கோடடிச்சான் சொல்லியிருந்தார். எங்கள் மேலதிகாரி அங்கேதான். எழுதினால் தகுதிகாண் காலம் நீளும், அல்லது முடிந்தே போகும். இரண்டையும் மாமாவிடம் விளக்க எனக்கு வாய் இல்லை.

முதல்நாள் பின்னேரமே வானொலி புயல் என்றது. காலையில் வானம் ஈயச் சட்டியின் அடிப்பக்கம் போல இருந்தது.

"இஞ்சருங்க, கடல் எரையிற சத்தம் கேக்குதா? இண்டைக்கு லீவு போடுங்களன்" என்றாள் என் மனைவி றைஹானா.

"இண்டைக்கு லீவு போட்டா மறுகா வேலையே லீவாப் பெய்த்திரும்" என்றேன்.

அவள் யூரியாப் பையை எடுத்துத் தந்தாள். தந்த விதத்தில் கோபம் இருந்தது.

சந்தியில் வேலாயுதம் காத்துக்கொண்டு நின்றார். வழமையை விட ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்பட்டோம். ஊருக்குள் வீடுகளும் வேலிகளும் மறைத்துக்கொண்டன. நிந்தவூர் முடிந்து, காரைதீவுக்கு முந்திய வயல்வெளி தொடங்கியது. அங்கே மறைப்பு ஒன்றும் இல்லை. வாடை முகத்தில் அடித்தது. இறங்கித் தள்ளினோம். சங்கிலி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

திடீரென்று காற்று நின்றது. நான் மடையன், சைக்கிளில் ஏறிவிட்டேன்.

"ஏறாதங்க தம்பி!" என்று வேலாயுதம் கத்தினார்.

அடுத்த அடி மேற்கிலிருந்து வந்தது. வயல் முழுவதும் கிடந்த தண்ணீரை வாரி எடுத்துக்கொண்டு வந்தது. நானும் சைக்கிளும் றோட்டுக்குக் கிழக்கே பள்ளத்தில் கிடந்தோம். என்னைப் பிடிக்க ஓடிவந்த வேலாயுதமும் என்மேல் விழுந்தார். அவருடைய நெற்றியில் என் சைக்கிள் பெடல் அடித்தது.

"தலயத் தூக்காதங்க! இது வாடை இல்ல. கச்சான் எடுத்திட்டு! மாரியில கச்சான் எடுத்தா கடல்காரன் வள்ளத்தத் தொடமாட்டான். கிடங்க அப்பிடியே!"

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல். எங்கள் கரையில் மேற்கே இருந்து வருகிற காற்றின் பெயர் கச்சான். வறுத்துச் சுருளில் கட்டி விற்கிற நிலக்கடலையின் பெயரும் கச்சான். எங்களுக்குள் இது குழப்பமே இல்லை. ஒன்று தின்பது, மற்றது நம்மைத் தின்பது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தில் கிடந்தோம். எனக்கு உயிர்ப்பயம் வந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். கலிமா சொன்னேன். பக்கத்தில் வேலாயுதம் முருகனைக் கூப்பிட்டார். இடைக்கிடை, சாவி இருக்கிறதா என்று இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

காயாத தாளில் காய்ந்த கோடு

இனிக் கதவுக்கு வருகிறேன்.

வேலாயுதம் திறந்தார். கந்தோரில் வேறு ஒருவரும் அன்றைக்கு வரவில்லை. காற்றுக்கு ஓடுகள் விலகி, மேசையெல்லாம் ஈரம். பதிவேட்டில் அன்றைய திகதி. முதல் வரியில் கோடடிச்சானுடைய ஒப்பம், நேரம் எட்டு ஐம்பத்தைந்து. அதற்குக் கீழே சிவப்புக் கோடு, அடிமட்டம் வைத்து இழுத்தது.

நான் கோட்டைப் பார்த்தேன். பிறகு வேலாயுதத்தின் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். வேலாயுதம் கோட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்துக்கொண்டு கோடடிச்சான் குடையை மடக்கினார்.

புயல் வரப்போகிறது, ஒருவனும் நேரத்துக்கு வரமாட்டான் என்று தெரிந்து, மனிதர் முதல்நாள் பின்னேரமே ஒப்பமிட்டுக் கோடும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பதினைந்து எட்டு நனைய வேண்டியதில்லை அல்லவா!

அவர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் கீழ சைன் பண்ணுங்க. விளக்கக் கடிதமும் வேணும்."

குளிரோடும் ஆத்திரத்தோடும் எழுதினேன். விவரமாக எழுதப் பழகியவன் அல்லவா? அந்த வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "இன்று காலை எதிர்பாராத விதமாகக் கச்சான் மிகுதியாகக் காணப்பட்டமையால் சைக்கிளைச் செலுத்த இயலாது போயிற்று என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்."

வேலாயுதம் இரண்டே வரி எழுதினார். கந்தோர்ச் சாவியோடு தானும் கச்சானில் அகப்பட்டு, பதினொரு மணிக்கே வந்து திறந்ததாக.

கோடடிச்சான் சொன்னபடியே அம்பாறைக்கு எழுதினார். கடிதங்களைக் கட்டி அனுப்பும் வழக்கத்தில் இரண்டையும், அன்றைய வரவுப் பதிவின் பிரதியோடு சேர்த்தே அனுப்பிவிட்டார். வேலாயுதத்தின் இரண்டு வரியை அவர் வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். பியோன் எழுதியதை யார் வாசிப்பார்?

ரட்டகஜு

மூன்று கிழமையில் பதில் வந்தது. சிங்களத்தில். கோடடிச்சான் அறைக்குள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"ரட்டகஜு... ரட்டகஜு எண்டு போட்டிரிக்கி. அது கச்சான்தானே?"

அம்பாறையில் எங்கள் கடிதங்களைச் சிங்களமாக்கியவர் எங்கள் கரையோரத்து ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்த கச்சான் ஒன்றே ஒன்றுதான். அதனால் மேலதிகாரி கேட்டிருந்தார்: சைக்கிளைச் செலுத்த முடியாத அளவு நிலக்கடலையை உத்தியோகத்தர் எதற்காக ஏற்றிவந்தார்? எத்தனை மூட்டை? அரசாங்க ஊழியர் அனுமதியின்றித் தனியார் வியாபாரம் செய்வது குற்றம் என்பதை அறிவாரா? பியோனும் இந்த நிலக்கடலையில் பங்காளியா?

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நொடியே விசயம் விளங்கியது. பிந்தி வந்தவனுக்குக் காலம் நீளும். வியாபாரம் செய்தவனுக்கு வேலை போகும்.

"கடைசிப் பந்தியையும் கேளுங்க" என்றார் கோடடிச்சான். அவருடைய குரல் இறங்கியிருந்தது. சாவிக்காரன் பதினொரு மணிவரை நிலக்கடலையில் அகப்பட்டிருந்தால், தலைமை இலிகிதர் எட்டு ஐம்பத்தைந்துக்கு எந்த வழியாக உள்ளே போனார்?

அம்பாறையில் யாரோ ஒருவருக்கு மூளை வேலை செய்திருக்கிறது.

கோடடிச்சான் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு அவர் தொடங்கினார்.

"தம்பி, கச்சான் எண்டா காத்துதான், அண்டைக்கு நானே கண்ணால கண்டன் எண்டு நான் எழுதித் தாறன். உங்கட வேல நிரந்தரமாகும். நீங்களும் ஒரு சின்ன விசயம் எழுதணும்."

"என்ன சேர்?"

"நீங்க தனியாத்தான் வந்தீங்க. வரக்குள்ள கந்தோர் திறந்து கிடந்த, நான் கதிரையில இருந்தன். வேலாயுதம் எட்டு மணிக்கே வந்து திறந்தவர். சைன் பண்ணாம எங்கயோ பெய்த்து, பதினொரு மணிக்குத் திரும்பி வந்தவர்."

"அவர் என்னோட பள்ளத்துக்குள்ள கிடந்தவர் சேர்."

"ஆரு கண்ட?" என்றார்.

நான் கண்டேன். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நெடுநேரம் யோசித்தேன் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. மாமாவின் வெள்ளிக்கிழமைக் கேள்வி ஞாபகம் வந்தது, பேனையை வாங்கினேன். அது அவருடைய பேனை. பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோதுதான் சிவப்பு மை என்பது எனக்கு உறைத்தது. அவரே வேறு தாள் தந்து, நீல மையில் மறுபடி எழுதச் சொன்னார். மறுபடியும் எழுதினேன். ஒரே பொய்யை ஒரே நாளில் இரண்டு நிறத்தில் எழுதியவன் நான்.

மற்றக் கச்சான்

நிரந்தரக் கடிதம் வந்தது. மாமா அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. றைஹானா பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் செய்தாள். நடந்ததை அவளுக்குச் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் சொன்னேன். "அண்டைக்கே சொல்லியிருந்தா வட்டிலப்பம் செஞ்சிரிக்கமாட்டன்" என்றாள்.

அதே தபாலில் இன்னொரு கடிதமும் வந்தது. கடமை நேரத்தில் அனுமதியின்றிக் கந்தோரை விட்டுச் சென்றமைக்காக வேலாயுதத்துக்கு எச்சரிக்கையும் பொத்துவிலுக்கு இடமாற்றமும். கோமாரியையும் தாண்டிய தூரம். சைக்கிளில் போய்வரக்கூடிய இடமல்ல. குடும்பம் அட்டப்பள்ளத்தில், அவர் அங்கே.

என் கடிதத்தை அவர் வாசித்தாரா என்று தெரியாது. கோவைகளை அறைக்கு அறை தூக்கிச் செல்கிறவர் அவர்தான். வாசித்திருப்பார்.

கடைசி நாள் சாவியைக் கோடடிச்சானிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நானும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கேற்றைத் தாண்டி றோட்டுக்கு வந்துவிட்டோம். எதையாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக, "பொத்துவில் சரியான தூரம், என்ன அண்ண?" என்றேன்.

"ஓம். போகக்குள்ள வாடை பின்னால தள்ளும். லேசு" என்றார். "வரக்குள்ளதான் கஸ்டம்."

சேட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்தார். என் சைக்கிளின் கரியலில் வைத்து, விழாமல் கிளிப்பை இழுத்து மாட்டினார். நெற்றியில் பெடல் அடித்த காயம் ஆறித் தழும்பாகியிருந்தது.

"இது மத்தக் கச்சான், சேர்" என்றார்.

கேற்றுக்கு வெளியே, றோட்டில் நின்று, அவர் என்னைச் சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏறி மிதித்துப் போய்விட்டார்.

வயல்வெளிவரை நானும் மிதித்தேன். நாங்கள் கிடந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திச் சுருளைப் பிரித்தேன். நன்றாக வறுத்த கச்சான். ஒன்றுவிடாமல் தின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.